போடாமல் விட்ட அட்டெண்டன்ஸ்

கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், விவரம் தெரியாமல் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தப்புக்குத்தான் நான்கு வருடமும் வகுப்பு ரெப்பாக இருந்தேன். "ரெப் யாருப்பா இருக்கறீங்க?" என்று ஒரு சார் கேட்டார். ஒருவரும் எழவில்லை. "நீயே இரும்மா" என்று என்னைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார். ஒவ்வொரு வருடமும் வேறு ஆளைப் போடலாம் என்று பேச்சு வரும். வந்த வேகத்திலேயே போகும். யாருக்கு வேண்டும் அந்த வேலை?

ரெப் என்றால் பெரிய பதவி என்று அந்தியூரில் என் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அது அறுபது பேருக்கு ஜெராக்ஸ் எடுப்பது. ரெக்கார்டு நோட்டுகளை நெஞ்சுயரம் அடுக்கித் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறுவது. "நாளைக்கு டெஸ்ட் இருக்குதா?" என்ற கேள்விக்கு ஒரே சாயங்காலத்தில் இருபது தடவை பதில் சொல்வது. முதல் வருடம் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. இரண்டாம் வருடம் பழகிப்போனது. மூன்றாம் வருடத்தில் காலையில் கண் விழிக்கும்போதே உடம்பு ஓய்ந்திருந்தது.

அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு வரிசைகள்தான் ஞாபகம் வருகின்றன. விடுதியில் குளியலறைக்கு வரிசை, இட்லிக்கு வரிசை, லேப் வாசலில் கையெழுத்துக்கு வரிசை. எட்டே முக்காலுக்கு முதல் வகுப்பு. நாலரைக்கு வகுப்பு முடிந்ததும் வேலைவாய்ப்புப் பயிற்சி என்று ஏழு மணிவரை உட்கார வைப்பார்கள். ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். எல்லாரும் ஒரே இரண்டு நிமிடத்தைப் பேசினோம். இதற்கு நடுவில் கணக்குப் பேப்பர் ஒன்று இரண்டாம் தடவையும் போயிருந்தது. படித்துத்தான் எழுதினேன். படித்தும் போனதுதான் ஆளை ஒடித்துவிட்டது.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அன்னூருக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. தினமும் வீட்டிலிருந்து வந்து போகிறவள். வகுப்பில் எனக்கு இருந்த ஒரே நெருங்கிய தோழி அவள்தான். எங்கள் துறையில் பெண்கள் குறைவு. அதிலும் பஸ்ஸில் வருகிறவர்கள் இன்னும் குறைவு. நான் தூங்கி வழிந்தால் விலாவில் இடிப்பாள். எனக்குப் புரியாத சர்க்யூட்டை நோட்டின் ஓரத்தில் பெரிதாக வரைந்து, கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்று விரலால் காட்டுவாள். அவள் காட்டினால் புரியும். வாத்தியார் காட்டினால் புரியாது.

மூன்றாம் வருடம் தொடங்கும் முன்பு அவளுடைய அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. குனியக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு நூல் மில்லில் இரவு ஷிஃப்ட் வேலை. வீட்டில் மூன்று கறவை மாடுகள். அவள்தான் எழுந்து பால் பீச்சி, சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, குளித்து, ஏழேகால் வண்டியைப் பிடிப்பாள். காந்திபுரத்தில் இறங்கி, கல்லூரி இருக்கும் பீளமேட்டுக்கு டவுன் பஸ் மாற வேண்டும். ரோடு காலியாக இருந்தால் எட்டே முக்காலுக்கு வந்துவிடுவாள். பாதி நாள் ரோடு காலியாக இருக்காது. ஒன்பது மணி, ஒன்பதேகால் என்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பாள்.

வாரத்தில் நான்கு நாள் முதல் வகுப்பு ஒரே பாடம். அதை நடத்திய மேடம் எங்களைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்திருப்பார். பாடம் நடத்துவதைவிட, கல்லூரிக்கு வரும் ஆய்வுக் குழுவுக்கான ஃபைல்களைத் தயார் செய்வதுதான் அவருடைய முக்கிய வேலை மாதிரி இருந்தது. வகுப்புக்கு வரும்போதே கையில் இரண்டு ஃபைல் இருக்கும். நேரம் இல்லாததால், அட்டெண்டன்ஸ் பதியும் இணையப் பக்கத்தின் கடவுச்சொல்லை என்னிடமே கொடுத்துவைத்திருந்தார். அப்படிக் கொடுக்கக் கூடாது. ஆனால் எல்லா ரெப்புகளிடமும் ஏதாவது ஒரு மேடத்தின் கடவுச்சொல் இருந்தது.

பத்து நிமிடம் தாண்டி வந்தால் அட்டெண்டன்ஸ் கிடையாது என்பது கல்லூரி விதி. ஜூலையில் ஒரு நாள் என் தோழி ஒன்பது பத்துக்கு வந்து கதவருகே நின்றாள். சுடிதார் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. மேடம் அவளை உள்ளே வரச் சொன்னார். வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவங்க வீட்டு விசயம் எனக்குத் தெரியும். பாதி கிளாஸுக்குள்ள வந்துட்டாள்னா நீ போட்டுரு. நான் கேக்க மாட்டேன். யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காத."

நான் தோழியிடம் மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மறந்துபோடாதடி" என்றாள்.

வேலை சின்னதுதான். எட்டே முக்காலுக்கு எல்லாருக்கும் பதிந்துவிட வேண்டும். அவள் வந்த பிறகு பக்கத்தை மறுபடி திறந்து, அவள் எண்ணுக்கு நேராக இருப்பதை மாற்ற வேண்டும். இரண்டு நிமிடம் ஆகும். ஆனால் கல்லூரி வைஃபையில் அந்தப் பக்கம் திறப்பதற்குள் பாடம் எங்கேயோ போயிருக்கும். பின் பெஞ்சில் ஒருவன் இதைக் கவனித்துவிட்டு, "அவளுக்கு மட்டும் தனி ரூலா?" என்று கேட்கவும் ஆரம்பித்தான். அதனால் தினமும் மாற்றுவதை விட்டுவிட்டேன். அவள் தாமதமாக வந்த தேதிகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்து, மாதக் கடைசியில் மொத்தமாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஜூலைக்கு அப்படித்தான் செய்தேன். எந்தப் பிரச்சினையும் வரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் உள்தேர்வுகள் வந்தன. அதோடு என் பழைய கணக்குப் பேப்பர். தேர்வு முடிந்த அன்று விடுதிக்கு வந்து படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தேன். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குப் பிறகு முந்தைய மாதத்துப் பக்கம் பூட்டிக்கொள்ளும். எனக்கு அது ஏழாம் தேதி ஞாபகம் வந்தது. திறந்து பார்த்தேன். எழுத்தெல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தது. எதையும் தொட முடியவில்லை.

அன்றே மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கலாம். தோழியிடமாவது சொல்லியிருக்கலாம். செப்டம்பர் பக்கம் திறந்துதான் இருந்தது. அதையாவது ஒழுங்காகச் செய்திருக்கலாம். நான் எதையும் செய்யவில்லை. ஆகஸ்டை விட்டது தெரிந்த பிறகு, அந்தப் பக்கத்தைத் திறக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் ஒரு தடவை பதிவேன், மூடுவேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதிகளை மட்டும் விடாமல் குறித்தேன். குறிக்கிறேன் என்பதே வேலை செய்கிற மாதிரி ஒரு சமாதானம் கொடுத்தது. செப்டம்பரும் பூட்டிக்கொண்டது. அக்டோபரும்தான். ஒரு கெட்ட எண்ணமும் எனக்கு அவள் மேல் இல்லை. சலிப்பு மட்டும்தான். சலிப்பு என்றால் சும்மா கிடக்கிற ஒன்று, யாரையும் ஒன்றும் செய்யாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நவம்பரில் துறையின் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அந்தப் பாடத்தில் அவளுக்கு அறுபத்தொன்று. தேர்வு எழுத எழுபத்தைந்து சதவீதம் வேண்டும். அறுபத்தைந்துக்குக் கீழே போனால் மருத்துவச் சான்றிதழ் கொடுத்தும் பயனில்லை. அந்தப் பாடத்தை அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து முதலிலிருந்து படிக்க வேண்டும்.

அவள் பட்டியலை இரண்டு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ போட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

பதில் சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. யோசித்துத்தான் சொன்னேன். "மேடம்தான்டி ஆகஸ்ட்ல இருந்து போட வேண்டாம்னுட்டாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் நம்பிவிட்டாள். நான் சொன்னால் அவள் எதையும் நம்புவாள்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அப்பா வந்தார். மில் சட்டையை மாற்றிக்கொண்டு வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். துறைத் தலைவர் அறையில் அவர், தோழி, மேடம், ரெப் என்ற முறையில் நான். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டேதான் பேசினார்.

"ஏனுங் சார், எம்புள்ள ஒரு நாளு லீவு போட்டவ இல்லீங்க. மாட்டுல பால் பீச்சி ஊத்திப்போட்டு, வவுத்துக்குக்கூட ஒண்ணும் திங்காம ஓடி வாராளுங்க. பஸ்ஸு நிக்கறதுக்கு அவ என்னங்க பண்ணுவா? அரை மணி நேரம் கிளாஸுல உக்காந்திருக்கறா. கண்ணுக்கு முன்னால உக்காந்திருக்கற புள்ளைய வரலீன்னு எழுதுறதுக்கு இந்தம்மாவுக்கு எப்படிங்க மனசு வந்துது?"

துறைத் தலைவர் மேடத்தைப் பார்த்தார். "என்ன மேடம், லேட்டா வந்ததுக்கு நீங்க எதாச்சும் பண்ணியிருந்தீங்களா?"

போடச் சொல்லி அனுமதி கொடுத்ததை மேடம் சொல்ல முடியாது. கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்ததையும் சொல்ல முடியாது. இரண்டுமே அவர் வேலைக்கு ஆபத்து. "ரூல்படிதான் சார் என்ட்ரி ஆயிருக்குது" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்கிற மாதிரிப் பார்த்தார்.

"ரெப்புக்கு எதாச்சும் தெரியுமாம்மா?" என்றார் துறைத் தலைவர்.

"தெரியாதுங் சார்" என்றேன்.

தோழியின் அப்பா மேடத்தின் பக்கம் திரும்பினார். "உங்குளுக்கும் ஒரு புள்ள இருக்குமுங்க" என்று ஆரம்பித்து, இன்னும் என்னென்னவோ சொன்னார். மரியாதை குறையாமல்தான் பேசினார். ஒவ்வொரு வார்த்தையும் அதனாலேயே அதிகமாகக் குத்தியது. மேடம் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்த பிறகு வராந்தாவில் என்னைக் கடந்து போகும்போது ஒன்று மட்டும் கேட்டார். "பாஸ்வேர்டு உன்கிட்ட வேண்டாம், இனிமே நானே போட்டுக்கறேன், சரியா?" அந்தக் கோடை விடுமுறையில் அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இதனால்தானா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் பயந்தேன்.

கடைசி வருடம் தொடங்கியதும் என் தோழி ஜூனியர் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அங்கேயும் அது முதல் வகுப்பு. இந்தத் தடவை அவளுடைய அப்பா இரவு ஷிஃப்ட்டை விட்டுவிட்டு மத்தியான ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். பால் பீச்சுவதை அவரே பார்த்துக்கொண்டார். அவள் ஆறே கால் வண்டிக்கு வந்து, எட்டு மணிக்கெல்லாம் காலி வகுப்பறையில் உட்கார்ந்திருப்பாள். நான் விடுதி ஜன்னலிலிருந்து பார்ப்பேன்.

அந்த செமஸ்டரில்தான் கம்பெனிகள் வந்தன. நிலுவைப் பாடம் இருப்பவர்கள் கம்பெனிகளின் தேர்வுக்கே உட்கார முடியாது. அவளைவிட மதிப்பெண் குறைந்தவர்கள் எல்லாம் இஸ்திரி போட்ட சட்டையோடு அரங்கத்துக்குள் போக, அவள் நூலகத்துப் பக்கம் நடந்தாள். எனக்குக் கணக்குப் பேப்பர் ஒருவழியாகப் பாஸாகியிருந்தது. மூன்றாவதாக வந்த கம்பெனியில் என்னை எடுத்துக்கொண்டார்கள். நேர்முகத்தில் அவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளில் ஒன்று, அவள் நோட்டு ஓரத்தில் எனக்கு வரைந்து காட்டிய சர்க்யூட்.

மறுநாள் மத்தியானம் லேப் படிக்கட்டில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். கையில் எவர்சில்வர் டப்பா.

"அம்மா உனக்குன்னு ஒப்புட்டு சுட்டுக் குடுத்துவுட்டாங்கடி. உனக்கு வேலை கெடச்சுதுன்னு சொன்னதும் முதுகு வலியோட உக்காந்து சுட்டாங்க."

டப்பாவைத் திறந்தேன். நெய்யில் சுட்ட போளி வாசனை வந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாதக் கடைசிக்குத் தள்ளிப்போட்டது, ஏழாம் தேதி திறந்து பார்த்தது, மேடம் மேல் பழியைப் போட்டது. நான் அழவில்லை. அழுதால் அவள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "எத்தன நாளு?" என்றாள்.

"இருவத்திரண்டு."

"அத்தனையும் போட்டிருந்தா?"

"எழுவத்தஞ்சைத் தாண்டியிருக்கும்."

"மேடம் வேண்டாம்னே சொல்லலியா?"

"இல்ல."

"எங்கப்பா அவங்களை அந்தப் பேச்சுப் பேசினாரே. நீ பக்கத்துலதானே நின்னே?"

"ஆமா."

படிக்கட்டில் யாரோ இறங்கினார்கள். நாங்கள் இருவரும் ஒதுங்கி வழி விட்டோம். அவர்கள் போன பிறகுதான் அவள் பேசினாள். குரல் உயரவில்லை.

"ஆகஸ்ட்டுலயே சொல்லியிருந்தீன்னா அப்பாகிட்டக் கேட்டிருப்பேன்டி. இப்ப ஷிஃப்ட்டு மாத்துனவரு அப்பவே மாத்தியிருப்பாரு. நீ போட்டுருவேன்னுதான் நான் ஊட்ல ஒண்ணுமே கேக்கல. அவருக்கு எதுக்குச் சிரமம்னு உட்டுப்போட்டேன்."

அவள் பக்கத்தை நான் யோசித்ததே இல்லை. என் இரண்டு நிமிட வேலையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நிமிடத்தின் மேல் அவள் வீடே தன் காலை வேளையைச் சாய்த்துவைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

அவள் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "டப்பாவ நாளைக்குக் கொண்டாந்துரு. அம்மா கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

மறுநாள் டப்பாவைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸுங்க" என்றாள்.

முதலில் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அன்றிலிருந்து எனக்கு அவள் "ங்க" போட்டுத்தான் பேசினாள். "அந்த நோட்டைக் குடுக்கறீங்களா?", "இன்னைக்கு லேப் இல்லீங்களாமா." எங்கள் பக்கத்தில் பஸ் கண்டக்டரிடமும் பால்காரரிடமும் முன்பின் தெரியாதவரிடமும் பேசுகிற அதே மரியாதை. யார் கேட்டாலும் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் அவள் என்னை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். கோபத்தில் நோட்டைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள். அதெல்லாம் வலித்ததே இல்லை.

இரண்டு வாரம் கழித்து வகுப்பில் இன்னொரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: என் தோழி மேடத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறாள், அப்பாவையும் பேச வைத்திருக்கிறாள். "தெரியாம பேசிப்போட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று அவர் போனில் திரும்பத் திரும்பச் சொன்னாராம். தப்புச் செய்தவள் நான். மன்னிப்புக் கேட்டவர் அவர். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் வெட்கம் வந்து மேடத்துக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினேன். நான்கு தடவை அழித்து எழுதினேன். படித்துவிட்டார் என்று உடனே காட்டியது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "சரிப்பா. நல்லா படி." அவ்வளவுதான். அவர் கோபமாக எழுதியிருந்தால் அதற்குப் பதில் எழுதியிருப்பேன்.

துறைத் தலைவரிடம் மட்டும் நான் கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் மேடத்தின் பெயரும் கெடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, கிடைத்த வேலை போய்விடுமோ என்ற பயம்.

அவள் அந்தப் பாடத்தில் ஜூனியர்களையும் சேர்த்து முதல் மதிப்பெண் வாங்கினாள். கம்பெனிகள் அதற்குள் வந்து போயிருந்தன. தானாகவே அலைந்து, கணபதிப் பக்கம் மோட்டார் பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்தாள். எனக்கு வேலை கொடுத்த கம்பெனி சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போய், எட்டு மாதம் அந்தியூரில் உட்கார வைத்தது. இப்போது பீளமேட்டில், நான் படித்த கல்லூரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் வேலை செய்கிறேன். காலையில் பிள்ளைகள் அடையாள அட்டை தொங்க வேகமாகப் போவதைப் பார்க்கும்போது அவர்கள் மேல் பொறாமை வருவதில்லை. போங்கள், போய் உட்காருங்கள் என்றுதான் தோன்றுகிறது.

கல்லூரி எனக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. திருந்திவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. இன்னும் பல வேலைகளை மாதக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வித்தியாசம், அப்படித் தள்ளும்போது, இதை நம்பி அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்கிறேன். சில சமயம் யோசித்துவிட்டும் தள்ளுகிறேன்.

போன மாதம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அன்னூர் வண்டி நிற்கிற இடத்தில், கம்பெனி சட்டையோடு நின்றிருந்தாள். கண்டும் காணாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள்தான் முதலில் பேசினாள்.

"ஆபீஸ் முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது. அம்மாவுக்கு எப்படி இருக்குது?"

"பரவால்லீங்க. இப்ப நல்லா நடக்கறாங்க. மாடு ரெண்டு குடுத்துப்போட்டோம், ஒண்ணுதான் இருக்குது."

"வேலை எப்படி?"

"மொத ஷிஃப்ட்டுங்க, ஆறு மணிக்கு உள்ள இருக்கோணும். காலையில கம்பெனி வண்டி ஊட்டுக்கிட்டயே வந்துருது. இன்னைக்கு ஓவர்டைமுங்க, திரும்பறதுக்கு வண்டி இல்லீங்க."

வண்டி வந்தது. கூட்டம் முட்டி மோதிக்கொண்டு ஏறியது. படியில் கால் வைத்தவள் திரும்பி, "நெம்ப எளச்சுட்டீங்க. நேரத்துக்குச் சாப்புடுங்க" என்றாள்.

உள்ளே போய் ஜன்னல் ஓரத்தில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. வண்டி கிளம்பும்வரை நின்றேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.